மீட்பா, மீளிடலா: கீழே விழுந்த வன்தட்டுக்கு வேண்டிய சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழுதான சேமிப்பகத்திலிருந்து கோப்புகளை எடுக்கும் ‘டேட்டா ரெக்கவரி’ என்பதற்குத் ‘தரவு மீட்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதில், மென்பொருள் தமிழாக்கத்துக்கான கலைச்சொற்களைப் பேசும் இந்த இழையில் ஏறக்குறைய எல்லோரும் உடன்பட்டுவிட்டோம். எனக்கும் அதில் மறுப்பில்லை. என் கவலை வேறு: அதே சொல்லையோ அதன் உடன்பிறப்பான ‘மீட்டெடு’ என்பதையோ, காப்புநகலிலிருந்து (பேக்கப்) கோப்புகளைத் திரும்ப வைக்கும் ‘ரிஸ்டோர்’ என்பதற்கும் பயன்படுத்தி வருகிறோம். இது வெறும் சொல்லழகு பற்றிய பிணக்கு அன்று என்பதை என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டற்ற மென்பொருளின் இடைமுகத்தைத் தமிழாக்கியபோது, காப்புநகலிலிருந்து கோப்புகளைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானுக்கும், பழுதான தட்டை அலசிக் கோப்புகளைத் தேடும் பொத்தானுக்கும் ‘மீட்டெடு’ என்றே எழுதியவன் நான். பின்னொரு நாள் என் தங்கை தன் திருமணப் படங்கள் இருந்த வெளி வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்), அது ஓடிக்கொண்டிருந்தபோதே, மேசையிலிருந்து தவறவிட்டாள். நான் ஊரில் இல்லை. மறுநாள் காலை தொலைபேசியில் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணா, நீ போட்ட அந்த சாஃப்ட்வேர்ல ‘மீட்டெடு’ன்னு இருந்துச்சு, அழுத்திட்டேன். ராத்திரி முழுக்க ஓடுச்சு. இப்ப டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது.” அடகுக் கடையில் நகையை மீட்பதைப் போல, எங்கோ பத்திரமாக இருக்கும் ஒன்றை அந்தப் பொத்தான் திருப்பிக் கொடுத்துவிடும் என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். அந்தச் சொல்லுக்கு அவள் கொண்ட பொருளில் தவறே இல்லை.

உள்ளே நடந்தது இதுதான். கைக்கடக்கமான வெளி வன்தட்டுகளில் இருக்கும் இரண்டரை அங்குலத் தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை, சுழல்கிறது. படித்தெழுதும் முனை தட்டின் பரப்பைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றுப் படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நின்றுபோன தட்டில் அந்த முனைகள் ஓரத்திலுள்ள சரிவுமேடையில் ஏறி ஒதுங்கியிருக்கும் என்பதால், அணைத்து வைத்த தட்டு விழுந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது விழுந்தால் முனை பரப்பில் இடிக்கிறது. அதன் பிறகும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால், சிதைந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் காந்தப் பூச்சைச் சீவிக்கொண்டே போகிறது. எல்லாம் முடிந்த பின் அந்தத் தட்டை நான் திறந்து பார்த்தேன். கண்ணாடி போன்ற அந்தப் பரப்பில், கூர்ந்து வரைந்த வட்டமாக ஒரு வளையம் இருந்தது. அந்த வளையத்தில் பூச்சு முற்றிலும் போய் அடிக்கண்ணாடி தெரிந்தது. பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிந்தது. உள்ளே இருந்த சிறு வெள்ளை வடிகட்டி கரிப்பொடி படிந்து சாம்பல் நிறமாகியிருந்தது. அந்தப் பொடியில்தான் படங்கள் இருந்தன என்று சொல்வது மிகையாகாது.

ஆகவே என் முதல் முன்மொழிவு இது. நல்ல நிலையில் உள்ள காப்புநகலிலிருந்து கோப்புகளைப் பழைய இடத்தில் வைக்கும் செயலுக்கு ‘மீளிடல்’ என்றும், பொத்தானில் ‘மீளிடு’ என்றும் எழுதுவோம். பழுதான ஊடகத்திலிருந்து கிடைப்பதைக் கொண்டுவரும் செயலுக்கு மட்டும் ‘மீட்பு’ நிற்கட்டும். ‘மீட்டமை’ என்ற சொல்லை மீளிடலுக்கு முன்மொழிந்த நண்பர், அது ஏற்கெனவே ‘ரீசெட்’ என்பதற்கு வழங்குவதை நினைவில் கொள்ள வேண்டும். கைபேசியில் அதை அழுத்தினால் இருப்பதும் போய்விடும்.

‘மீட்பு’ என்றால் முழுமையாகக் கிடைக்கும் என்ற உறுதி தொனிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அடகு நகையை நினைத்தால் தொனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இச்சொல்லுக்கு இன்னொரு பழைய வாழ்வும் உண்டு. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையைப் போரிட்டு மீட்பது கரந்தைத் திணை. அங்கே போனவர்கள் எல்லோரும் திரும்புவதில்லை, மீட்டவனுக்கே நடுகல் எழுவதும் உண்டு. தரவு மீட்பு இந்த இரண்டாம் வகை. 2003 பிப்ரவரி 1 அன்று வானிலேயே சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் இடிபாடுகளில் ஒரு வன்தட்டும் கிடைத்தது. செனான் வாயுவின் பாகுநிலை பற்றிய சோதனையின் தரவுகள் அதில் இருந்தன. வெளிப்புறம் கருகி, அடைப்பு உருகி, உள்ளே தூசி புகுந்திருந்தபோதும், தட்டுகளைத் தூய்மை செய்து வேறொரு வன்தட்டு உடலில் பொருத்தி, ஏறக்குறைய 99 விழுக்காட்டைப் படித்துவிட்டார்கள். ஆய்வு முடிவு 2008இல் வெளிவந்தது. வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது, எங்கள் மேசையிலிருந்து விழுந்தது பிழைக்கவில்லை. விழுந்த பின் அதை யாரும் இரவு முழுக்க ஓட்டவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாகவே எனக்குப் படுகிறது.

அடுத்தது ‘இமேஜிங்’. பழுதான தட்டிலேயே கோப்புகளைத் தேடாமல், முதலில் அதிலுள்ள அனைத்தையும் கூறு கூறாக வேறொரு நல்ல தட்டுக்கு மாற்றிக்கொண்டு, பிறகு அந்த நகலில் தேடுவதே இத்தொழிலின் முதல் விதி. இதற்குப் ‘படிமமாக்கல்’ என்று வந்திருக்கும் முன்மொழிவு ஆங்கிலச் சொல்லின் நிழல். படிமம் என்றால் நம் வாசகருக்குக் கவிதையோ கோயில் சிலையோதான் தோன்றும். நான் ‘படியெடுப்பு’ என்கிறேன். ஏட்டுச் சுவடிகளுக்கு நம்மவர்கள் செய்த வேலைக்கு இதுதான் பெயர்: செல்லரித்த ஓலையை அடிக்கடி புரட்டினால் ஒடியும், எனவே ஒருமுறை கவனமாகப் படியெடுத்துக்கொண்டு, ஆய்வைப் படியில் செய்வார்கள். படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விடுவார்கள். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் வெற்றிடமாகவே எண்ணப்பட்டு நிற்பது இந்த ஒழுக்கத்தால்தான். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி செய்வதும் இதையே: எளிதாகப் படிக்க வருவதை முதல் சுற்றில் எடுத்துக்கொண்டு, முரண்டும் பகுதிகளைத் தாண்டிப்போய், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு தனிக் கோப்பில் குறித்துக்கொள்கிறது, நடுவில் நிறுத்தினாலும் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அந்தக் கோப்பை ‘வரைபடக் கோப்பு’ என்பதைவிட ‘விடுபடற் குறிப்பு’ என்பது பொருந்தும். ‘படி’ என்பதற்கு மாடிப்படி, அரைப்படி, பாடம் படி என்று ஏகப்பட்ட பொருள் இருக்கிறதே என்பவர்களுக்கு, ‘வட்டுப்படி’ என்று சேர்த்து எழுதினால் எவரும் அதில் ஏறப் பார்க்கமாட்டார்கள் என்பதே என் பதில்.

அதே கருவியில், தாண்டிவிட்ட பகுதிகளுக்குத் திரும்பி வந்து ஒவ்வொரு கூறாகப் படிக்க முயலும் கட்டத்திற்கு ‘ஸ்க்ரேப்பிங்’ என்று பெயர். அதைச் ‘சுரண்டல்’ என்று பெயர்த்திருந்த வரைவை இங்கே பார்த்துத் திடுக்கிட்டேன். தட்டைச் சுரண்டுவதுதான் நமக்கு நேர்ந்த விபத்தே. ‘துருவல்’ என்றால் தேங்காயும் நினைவுக்கு வரும், துருவித் துருவித் தேடுவதும் வரும், பூச்சு உரிவது வராது.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் கோப்பு அமைப்பு சிதைந்தபோது, ஃபோட்டோரெக் போன்ற கருவிகள் படக்கோப்புகளின் தொடக்கக் குறியை மட்டும் அடையாளம் கண்டு படங்களைச் சேகரிப்பதை ஆங்கிலத்தில் ‘கார்விங்’, அதாவது செதுக்குதல், என்கிறார்கள். உண்மையில் அங்கே எதுவும் செதுக்கப்படுவதில்லை, அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவதுதான் நடக்கிறது. ‘பொறுக்கல்’ என்று முன்மொழிய ஆசைதான். ஆனால் கருவிக்குப் பெயர் வைக்கும்போது ‘பொறுக்கி’யில் போய் முடியும் என்பதால் ‘கோப்புத் திரட்டல்’ என்று அடக்கிக்கொள்கிறேன். இவ்வாறு கிடைக்கும் படங்களுக்குப் பழைய பெயர்களோ கோப்புறைகளோ இருக்காது என்பதை உதவிக் குறிப்பில் எழுத மறக்க வேண்டாம்.

கடைசியாக, இந்த இழையை நீள வைத்த ‘ஹெட் க்ராஷ்’, அதாவது படித்தெழுதும் முனை தட்டில் இடிப்பது. ‘தலைமோதல்’ என்றால் ஆட்டுக்கிடா சண்டை. ‘தலைச்செயலிழப்பு’ என்றால் மருத்துவமனை. டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்தே ‘ஹெட்டு’ என்றே பழகிவிட்டோம் என்பது உண்மையானாலும், எழுதுகோலுக்கு இருப்பது போல இதற்கும் இருப்பது முனைதான். ஆகவே ‘முனையிடிப்பு’ என்கிறேன். இதிலிருந்து ‘முனையொட்டல்’ என்ற இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும்: விழுந்த அதிர்ச்சியில் முனை ஒதுங்கிடத்திற்குத் திரும்பாமல் தட்டின் மேலேயே ஒட்டிக்கொள்வது. இடிப்பில் தட்டு சுழன்றபடி ‘டக் டக்’ என்று கேட்கும். ஒட்டலில் தட்டு சுழலவே முடியாமல் மெல்லிய முனகல் மட்டும் வரும். ஒட்டல் மட்டும் நேர்ந்த தட்டில், தூசியற்ற அறையில் முனையை விடுவித்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும் வாய்ப்பு உண்டு. இடிப்பில் அதே ரகத் தட்டு ஒன்றிலிருந்து முனைத் தொகுதியையே எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். பழுது பார்ப்பவரிடம் சத்தத்தை விவரிக்கத் தெரிந்தவருக்கு இந்த இரு சொற்களும் உதவும்.

‘ஹார்ட் டிஸ்க்’ என்பதற்கு வன்வட்டா, வன்தட்டா, இலங்கைப் பாடநூல் வழக்கிலுள்ள வன்றட்டா என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் திறக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிய ‘மீட்டெடு’ பொத்தான்களைத் திருத்தி, மீட்புப் பக்கத்தின் மேலேயே ‘தட்டிலிருந்து சத்தம் வந்தால் இதை அழுத்தாதீர்கள், மின் இணைப்பை உடனே எடுத்துவிடுங்கள்’ என்ற ஒரு வரியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மீளிடு என்பதற்கு மாற்று உள்ளவர்கள் அடுத்த வெளியீட்டுக்குள் சொல்லிவிட்டால் நல்லது.