டிக்கிக்கு அடியில் ஒரு ஆரஞ்சு

வண்டி வாங்கி எட்டு மாதம் ஓட்டிய பிறகுதான் அதற்குள் இன்னொரு அறை இருப்பதே எனக்குத் தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது.

எங்களுடையது மாருதி எர்டிகா, ஏழு பேர் உட்காரும் கார். வீடு சேலம் அஸ்தம்பட்டி. மாதம் ஒருமுறையாவது ஏற்காடு ஏறிவிடுவோம். அம்மாவுக்கு சேர்வராயன் கோயில், பையனுக்கு ஏரிப் படகு, எனக்கு மிளகும் காப்பிக்கொட்டையும். ஆரஞ்சு சீசனில் போனபோது ஒரு பை நிறைய வாங்கி வந்தோம். ஒரு வாரம் கழித்து வண்டிக்குள் ஒரு புளித்த வாடை. பையனின் சாக்ஸ் என்று நினைத்தோம், இல்லை. ஒரு மெக்கானிக் ஏசி ஃபில்டரை மாற்றச் சொன்னார், மாற்றினேன், பணம் போனது, வாடை போகவில்லை.

கடைசியில் அம்மா டிக்கியைத் திறந்து, அரிசிப் பானையைத் தட்டிப் பார்ப்பதுபோல் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, பலகை ஆடுது?" என்று தூக்கினால் உள்ளே ஒரு பள்ளம். நீளவாக்கில், ஒரு முழக்கை அகலத்துக்கு. அதில் நான்கு கோலிக்குண்டு, ஏரிக்கரைக் கூழாங்கல் ஒன்று, பச்சைப் பூசணம் முளைத்த ஆரஞ்சு ஒன்று. எட்டு வயதுப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது என் எடம், ஏன் தொறந்தீங்க?" என்று அழ ஆரம்பித்தான். வண்டி வந்த முதல் வாரத்திலிருந்தே அவனுக்குத் தெரியுமாம்!

ஸ்டெப்னி வண்டிக்கு அடியில், வெளியே தொங்குவதால் அந்தப் பள்ளம் காலியாகக் கிடைக்கிறது. மூன்று வரிசை சீட்டும் நிமிர்ந்திருந்தால் டிக்கியில் 209 லிட்டர்தான், கடைசி வரிசையை மடித்தால் 550. இந்தக் கணக்கெல்லாம் ஏழு பேர் ஏறி, கூடவே ஒரு பலாப்பழமும் ஏறுகிற அன்றைக்குத்தான் புரியும். இப்போது கயிறு, மழைக்கோட்டு, பழைய செருப்பு, பாய் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விட்டன. பையனுக்கு ஒரு மூலை ஒதுக்கியாயிற்று, சாப்பிடும் பொருள் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கிறான், வண்டியை மற்றவர்கள்தான் பார்க்கிறார்கள். முன்சீட்டுகளுக்கு நடுவில் இரண்டு டம்ளர் வைக்கும் குழி இருக்கிறது அல்லவா, அதற்கு ஏசிக் காற்று வருகிறது என்று நானும் படித்திருந்தேன், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அதில் கோயிலுக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தை வாழையிலையில் சுற்றி வைத்தாள். மே மாத வெயிலில் கடைவீதியில் வாங்கிய பூ கோயில் வாசல்வரை மொட்டாகவே இருந்தது. ஆனால் மலை ஏறியதும் குளுகுளுவென்று இருக்கிறதே என்று ஏசியை அணைத்தால் பூவுக்கும் அதோடு சரி.

ஏசி என்றதும் ஞாபகம் வருகிறது. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும்போது கண்ணாடி உள்பக்கம் வெளுத்துவிடும், எல்லோரும் துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓட்டுவார்கள், நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஏழு பேர் விடும் மூச்சு வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் தண்ணீராகப் படிகிறது, அவ்வளவுதான். வண்டிப் படத்துக்குள் அம்பு வளைந்திருக்கும் அந்த பட்டனை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும், காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும், ஏசியையும் போட வேண்டும். குளிர் தாங்கவில்லையென்றால் சூட்டுப் பக்கம் திருகிக்கொள்ளலாம், அப்போதும் ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்துவிடும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடுகிறது. கீழே சேலத்தில் மழை ராத்திரியில் இதற்கு நேர்மாறு: ஏசி அதிகமாகி கண்ணாடி சில்லிட்டுப்போய் வெளிப்பக்கம் படியும், அதற்கு வைப்பர்தான்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எண்கள் போட்ட ஒரு சின்னத் திருகு இருப்பதை ரொம்ப நாள் டேஷ்போர்டு வெளிச்சத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஹெட்லைட்டைத் தாழ்த்துவதற்காம். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமே எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதுவரை இருபது கொண்டை ஊசி வளைவிலும் எதிரில் வந்தவர்கள் எனக்கு லைட் அடித்துக் காட்டியது ஏன் என்று இப்போது புரிகிறது. மன்னிக்கவும், எல்லோரும்.

சாவிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை பார்க்கிங், தூறல், கதவு திறக்கவில்லை. சாவியில் பேட்டரி தீரப்போகிறது என்று ஒரு வாரமாக வண்டி சொல்லிக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டாக்சி டிரைவர் சாவியை வாங்கி, ஓரத்தில் ஒரு விசையை அழுத்தி, உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினார். கதவு திறந்தது. "சரி, ஸ்டார்ட் எப்படிண்ணா?" என்றேன். சாவியை ஸ்டார்ட் பட்டன்மேலேயே ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தச் சொன்னார். பேட்டரியே தேவைப்படாத ஒரு சில்லு சாவிக்குள் இருக்கிறதாம், பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வண்டியிடமிருந்தே மின்சாரம் வாங்கிக்கொள்கிறது. இறங்கி வந்ததும் வாட்ச் கடையில் புது பேட்டரி போட்டேன். சி.ஆர்.2032 என்பது அளவுதான், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன்.

உங்கள் வண்டியில் யார் எதைக் கண்டுபிடித்தார்கள்? வந்த பதில்களில் இரண்டைக் கீழே போட்டிருக்கிறேன்.

*

நாங்கள் அம்மாபேட்டை, பட்டு நெசவுக் குடும்பம், வண்டி ரெனோ ட்ரைபர், அதுவும் ஏழு சீட்தான். கடைசி வரிசை சீட்டுகளை மடிக்க மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தோம், முழுசாகவே கழற்றி எடுத்துவிடலாம் என்று மச்சான் வந்து காட்டினான். ஏழு பேர் உட்கார்ந்தால் டிக்கி 84 லிட்டர், ஒரு கல்யாணப் பைகூட நிற்காது. இரண்டு சீட்டையும் கழற்றினால் 625. சேலைப் பண்டல் ஏற்ற வேறு வண்டி பிடிப்பதில்லை இப்போது. ஒரே தொல்லை, கழற்றிய சீட்டைத் திண்ணையில் வைத்தோம், தாத்தா அதில் சாய்ந்து பேப்பர் படிக்கப் பழகிவிட்டார். திரும்ப மாட்ட வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

*

பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை, லாக் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனவன் நான். கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக்கை, குழந்தைகள் உள்ளேயிருந்து திறக்காமலிருக்க வைத்திருப்பதை, மெக்கானிக் விரலால் கீழே தள்ளினார். காசு வாங்கவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கமுடியவில்லை.

இன்னொன்று. பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் சின்ன அம்பு இருக்கும் பாருங்கள், மூடி எந்தப் பக்கம் என்று காட்டுவது. ஃபோர்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986-ல் மழையில் பெட்ரோல் போடத் தவறான பக்கம் நிறுத்தி, நனைந்துவிட்டு வந்து எழுதிக்கொடுத்த யோசனை அது. நான் பல வருடம் பங்கில் கழுத்தை வெளியே நீட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்பைக் காட்டியது என் மகள்.

*

மறுபடி நான்தான். பார்த்தீர்களா, உங்கள் வீட்டிலும் பிள்ளைதான் கண்டுபிடித்தது.

ராத்திரி இறங்கும்போது பின்னால் வருகிறவன் லைட் கண்ணைக் குத்துகிறது, என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கு: நடுக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதைத் தள்ளுங்கள். கண்ணாடி ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்தது, சாய்த்தால் பின்பக்கப் பூச்சிலிருந்து வரும் வெளிச்சம் கூரைக்குப் போய்விடும், முன்பரப்பு காட்டும் மங்கல் பிம்பம் மட்டும் கண்ணுக்கு வரும்.

பையனிடம் நேற்று கேட்டேன், வண்டியில் இன்னும் எங்களுக்குத் தெரியாத இடம் ஏதாவது இருக்கிறதா என்று. இருக்கிறதாம், சொல்லமாட்டானாம். இரண்டு நாளாக வண்டிக்குள் லேசாக மல்கோவா வாசம் வருகிறது.