பொருள்: ‘ரப்பர் மோட்டார்’ – ‘மீள்புரி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி விமானக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச் சொல் காணும் நம் சொற்பட்டியலில் ‘ரப்பர் பேண்ட்’ என்பதற்கு எதிரே ஒரே ஒரு சொல்லை எழுதி அந்தப் பதிவை முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயருக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, இறக்கையை உடற்பகுதியோடு சேர்த்துக் கட்டும் வளையம். மற்றொன்று, முறுக்கேறி நின்று புரொபெல்லரைச் சுழற்றும் ரப்பர் கற்றை; ‘ரப்பர் மோட்டார்’ என்பது இதைத்தான். கட்டுவதற்கு எழுதுபொருள் கடை வளையமே போதும். சுழற்றுவதற்குப் போதாது. புதிதாக வருபவர்கள் கடை வளையங்களைக் கோத்து மாட்டி, விமானம் நாலடி தள்ளி விழுந்ததும் தங்கள் கைவேலையைக் குறைசொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். பெயர் இரண்டாக இருந்தால் வாங்கும்போதே கேள்வி எழும்.

> ‘ரப்பர் மோட்டார்’ என்றே விட்டுவிடலாமே, எல்லோருக்கும் விளங்குகிறதே?

பேச்சில் அப்படியே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று மாதிரி விமானத்தில் மோட்டார் என்றால் மின்மோட்டார்தான் நினைவுக்கு வருகிறது. செய்முறை விளக்கத்தில் ‘மோட்டாரைக் கழற்றி எண்ணெய் தடவவும்’ என்று எழுதிவிட்டு எந்த மோட்டார் என்று அடைப்புக்குறிக்குள் விளக்க வேண்டியிருக்கிறது.

> ‘நெகிழ்பொறி’ எப்படி?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘நெகிழி’ பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. தவிர, நெகிழ்வது என்றால் தளர்ந்து இடம்கொடுப்பது. நமக்கு வேண்டிய பண்பு அதற்கு நேர் எதிரானது: இழுத்தால் திரும்பி வர வேண்டும், வரும்போது வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும். இயற்பியல் பாடத்தில் இதற்கு ‘மீட்சி’ என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. ஆகவே முற்பாதி ‘மீள்’.

பிற்பாதிக்கு நான் முன்வைப்பது, முறுக்கிய இழை என்ற பொருளில், ‘புரி’. முறுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய கதை. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் டுயிலரிஸ் தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர் ரப்பரால் இயங்கும் தன் ‘பிளானோஃபோர்’ மாதிரி விமானத்தை 11 வினாடி பறக்கவிட்டார். ரப்பரை நீளவாக்கில் இழுத்துக் கட்டினால் அந்த இழுவையைத் தாங்க உறுதியான, எடை கூடிய சட்டம் வேண்டும். அவர் அதை முறுக்கினார். முறுக்கிய ரப்பர் பிரியும்போது நேராகச் சுழற்சியே கிடைக்கிறது, மெல்லிய குச்சி ஒன்றே சட்டமாகிவிடுகிறது. அந்த முறுக்கு பெயரில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

> ‘புரி’ என்றால் விளங்கிக்கொள்வது என்றல்லவா படிப்பார்கள்?

தனியே நின்றால் படிக்கலாம். வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் யாரும் அப்படிப் படிப்பதில்லையே. கயிறு திரிப்பவர்களுக்குப் ‘புரி’ என்றால் முறுக்கிய இழை. நம் பொருளும் பல இழைகள் சேர்ந்து முறுக்கேறியதுதான். ‘மீள்புரி’ என்று சேர்த்துச் சொல்லும்போது குழப்பம் வராது.

இழை, சுற்று இரண்டையும் தனித்தனியே வரையறுத்துக்கொள்வது மிக அவசியம், ஏனெனில் கணக்கே அங்கேதான் இருக்கிறது. இரு கொக்கிகளுக்கிடையே எத்தனை வரிசை ரப்பர் ஓடுகிறதோ அத்தனை ‘இழை’. எத்தனை முறை முறுக்குகிறோமோ அத்தனை ‘சுற்று’. இழைகளை இரட்டிப்பாக்கினால் முறுக்குவிசை ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. ஆனால் அதே நீளத்துக்கு ஏற்றக்கூடிய சுற்றுகள் சுமார் 0.7 பங்காகக் குறைகின்றன. கனமான விமானத்துக்கு இழை கூட்டுவதும், நெடுநேரம் மிதக்க வேண்டியதற்கு இழை குறைத்து நீளம் கூட்டுவதும் இதனால்தான். ‘முறுக்கு’ என்ற ஒரே சொல்லை இழைக்கும் சுற்றுக்கும் விசைக்கும் போட்டு எழுதினால் இந்த மூன்று வரியையே எழுத முடியாது.

முறுக்குவதற்கு முன் அது வெறும் ‘நாடா’. 3 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் அகலம் என்று சுருளாக வருவது. கடை வளையத்தில் செலவைக் குறைக்கச் சுண்ணாம்புத்தூள், களிமண் போன்றவை கலந்திருக்கும். அவை எடையைக் கூட்டுமே தவிர ஆற்றலைச் சேமிக்காது. எளிய சோதனை ஒன்று உண்டு. இயற்கை ரப்பரின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. சிறு துண்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் துடைத்துவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நம்பிக்கை கொள்ளலாம், மூழ்கினால் கலப்பு அதிகம். அடுத்து, இழுத்துப் பாருங்கள். நல்ல நாடா தன் நீளத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் நீண்டு, விட்டதும் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். ஓரத்தில் சிறு வெட்டு இருந்தாலும் அந்தத் துண்டு வேண்டாம். அறுவது அங்கிருந்துதான் தொடங்கும். நிறத்தை வைத்து மட்டும் முடிவுசெய்யாதீர்கள்.

ஒரே ஆலையின் நாடாவும் எல்லா முறையும் ஒன்றுபோல இருப்பதில்லை. மரப்பால் மாறும், கந்தகத்தின் அளவும் சூடாக்கும் நேரமும் சிறிது மாறும். பன்னாட்டுப் போட்டிகளில் ரப்பரால் பறக்கும் விமானங்களுக்கான எஃப்1பி பிரிவில் ரப்பரின் எடை 30 கிராமைத் தாண்டக் கூடாது என்பதால், ஒரு கிராமுக்கு எவ்வளவு ஆற்றல் என்பதே வெற்றியை முடிவுசெய்கிறது. மாதிரி விமானக்காரர்கள் பயன்படுத்திய ‘டான் 2’ என்ற ரப்பர் நாடாவின் 1999 மே மாத உற்பத்தியை அத்தனை ஆண்டுகள் கழித்தும் பெயர்சொல்லித் தேடினார்கள் என்றால் காரணம் இதுதான். இப்படி ஒரே தடவையில் உருவான சரக்குக்குத் ‘தொகுதி’ என்று பட்டியலில் இருக்கிறது. ‘ஈடு’ என்று மாற்றலாம் என்பேன். அடுப்பிலிருந்து ஒரே தடவையில் வெந்து இறங்குவதை ஈடு என்கிறோம். ரப்பரும் கந்தகத்தோடு சூட்டில் வெந்துதானே பதமாகிறது! ‘எந்த ஈடு?’ என்று கேட்பது வாய்க்கும் எளிது.

ரப்பரைக் கெடாமல் பாதுகாப்பதைப் பற்றி இங்கே எழுதுவதற்குக் காரணம், சொற்பட்டியலின் விளக்கக் குறிப்பில் அது இடம்பெற வேண்டும் என்பதே. ரப்பருக்குப் பகை நான்கு: வெளிச்சம், வெப்பம், ஆக்சிஜன், ஓசோன். இவற்றுள் ஓசோன், நீட்டிய நிலையில் உள்ள ரப்பரைத்தான் விரைந்து வெடிக்கவைக்கும். பறந்து முடிந்ததும் மீள்புரியைக் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும், இறக்கையைக் கட்டிய வளையத்தையும் அவிழ்க்க வேண்டும். புதிய நாடாவைத் தளர்வாகச் சுருட்டி, காற்றுப் புகாத பையில் இட்டு, ஒளி புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தீப்பொறி தெறிக்கும் மின்மோட்டார்களின் பக்கத்தில் வேண்டாம், அங்கே ஓசோன் உண்டாகும். செம்புக் கம்பியால் கட்டி வைப்பதும் கூடாது, ரப்பர் ஆக்சிஜனேற்றம் அடைவதைச் செம்பு விரைவுபடுத்தும். உறைகலத்தில் (ஃப்ரீசரில்) வைப்பவர்களும் இருக்கிறார்கள். சுமார் –25 டிகிரி செல்சியஸில் இயற்கை ரப்பர் படிகமாகி விறைத்துப்போகும், சூடேறினால் பழைய நிலைக்கு வந்துவிடும். பையைத் திறக்குமுன் அறை வெப்பத்துக்கு வரவிட்டால் ஈரம் படியாது.

மசகுக்கு விளக்கெண்ணெய் அல்லது சிலிகோன் எண்ணெய். பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். தடவுமுன் நாடாவின் மேலுள்ள டால்க் தூளைக் கழுவி உலர்த்த வேண்டும்.

இன்னும் இரண்டு சொற்கள். கொடுத்த ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகி, திரும்பி வராமல் போவதற்குக் காந்தவியலில் நாம் வழங்கும் ‘தயக்கம்’ இங்கேயும் பொருந்தும். நல்ல ஈட்டில் தயக்கம் குறைவு. புதிய மீள்புரியை முழுமையாக முறுக்குமுன் நாலைந்து மடங்கு இழுத்துச் சில நிமிடம் பிடித்துவைத்துத் தளர்த்துகிறோமே, அதற்குப் பட்டியலில் ‘பதப்படுத்துதல்’ என்று இருக்கிறது. ஆலையில் நடப்பதையும் அப்படித்தான் சொல்வோம் என்பதால் இங்கே ‘பழக்குதல்’ என்று வைக்கலாம். ‘பழக்கிய புரி’, ‘பழக்காத புரி’ என்று தொடர்கள் இயல்பாக அமைகின்றன.

ஆக, பதிவுகள் இப்படி வரட்டும்:

கட்டுவளையம் – மாதிரி விமானத்தின் இறக்கை முதலிய உறுப்புகளைப் பிணைக்கும் ரப்பர் வளையம்.

மீள்புரி – ரப்பர் நாடாவின் இழைகளைச் சேர்த்து முறுக்கி, அது பிரியும் விசையால் புரொபெல்லரைச் சுழற்றும் கற்றை.

‘ஈடு’ பற்றி எனக்கு உறுதி இருக்கிறது. ‘பழக்குதல்’ பற்றி முறுக்கிப் பறக்கவிடுபவர்கள் சொல்லுங்கள். உங்கள் வாயில் வேறு சொல் புழங்கினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.