வெள்ளை டப்பாவுக்குப் பெயர் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளன் (செவ்வாய் காலை)

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஓர் அவசரம். மாவட்ட மருத்துவமனை ஒன்றின் தூய்மைப் பணியாளர்களுக்குப் பயிற்சிக் கையேடும் சுவரொட்டியும் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு விதிகள் மருத்துவமனைக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறமாகப் பிரிக்கின்றன. மற்ற மூன்றையும் ஒப்பேற்றிவிட்டேன். வெள்ளையில்தான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ‘ஷார்ப்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கிறார்கள். ஊசி, ஊசி பிரியாத சிரிஞ்சு, அறுவைக் கத்தி, பிளேடு எல்லாம் அதற்குள் அடக்கம். எதுவும் துளைத்து வெளியே வராத கெட்டி டப்பாவில் போட வேண்டியவை. ‘கூர்மையான பொருட்கள்’ என்றால் விளக்கம் சொன்னது போல இருக்கிறது, பெயர் வைத்தது போல இல்லை. சுவரொட்டியில் ஒரு முழு வரியையும் தின்றுவிடுகிறது. ‘கூர்க்கழிவு’ சரிப்படுமா?

நன்னூலடியான் (செவ்வாய் மதியம்)

> ‘கூர்க்கழிவு’ சரிப்படுமா?

தம்பி, நல்ல முயற்சி. ஆனால் முதலில் புணர்ச்சியைப் பார்ப்போம். ய, ர, ழ முன் வல்லினம் வந்தால் நன்னூல் பல வழி விடுகிறது. ‘கூர்ங்கணை’ என்று இலக்கியம் மெல்லினம் கொடுத்திருக்க, நாம் ஏன் ‘கூர்ங்கழிவு’ எனக் கூடாது? வினைத்தொகையாகக் கொண்டால் ‘கூர்கழிவு’, ஒற்றே வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் பெரிது. ‘கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்’ என்பது தொல்காப்பிய உரியியல். கூர், கழி இரண்டுமே ஏற்கெனவே இருப்பது மேலும் பெருகுவதைக் குறிப்பன. நன்னூலும் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது. ஆக, இலக்கணம் படித்தவன் காதில் ‘கூர்க்கழிவு’ என்பது ‘மிகமிகுதி’ என்றுதான் விழும்.

வார்டு ஏழு (செவ்வாய் இரவு)

ஐயா, இருபது வருடமாக ஊசி போடுகிறேன். உரியியல் இப்படி எங்கள் டப்பாவைப் பற்றிப் பேசும் என்று தெரியாமல் போயிற்று. அந்த டப்பா முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். நிரம்பி வழிகிற டப்பாவில் இன்னும் ஒன்றைத் திணிக்கும்போதுதான் கையில் குத்தும். உள்ளது சிறக்கவே விடக் கூடாது!

எங்கள் வார்டில் இதற்கு ‘ஊசி டப்பா’ என்றுதான் பெயர். சிலர் ‘வெள்ளை டப்பா’ என்பார்கள். இதற்கு மேல் என்ன பெயர் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

சுன்னாகத்தான் (புதன் காலை)

நிறத்தைப் பெயராக வைக்க வேண்டாம். இலங்கையில் வெள்ளை டப்பா என்றால் ஒருவருக்கும் விளங்காது. எங்கட வைத்தியசாலைகளில் ஊசிக்குரியது சிவப்புக் கோடு போட்ட மஞ்சள். முழுச் சிவப்பு கண்ணாடிக்கு. உங்களிடம் சிவப்பு என்றால் பிளாஸ்டிக், கண்ணாடி நீலம். உங்கள் சுவரொட்டியை யாராவது இங்கே எடுத்து ஒட்டினால் தாதிமார் தலையில் கை வைப்பார்கள்.

‘ஊசி டப்பா’ பிழையில்லை. ஆனால் பிளேடை எங்கே போடுவது என்று கேட்க மாட்டார்களா?

நன்னூலடியான் (புதன், பத்தரை மணி)

இரவு முழுதும் யோசித்தேன். கிடைத்துவிட்டது.

கடி.

‘கடியென் கிளவி வரைவே கூர்மை காப்பே’ என்று தொடங்கித் தொல்காப்பியர் பத்துப் பொருள் அடுக்குகிறார். நன்னூலார் பதின்மூன்றாக்கினார். அந்தப் பத்துக்குள் கூர்மை உண்டு, காப்பு உண்டு, அச்சமும் உண்டு. கூரானது, காத்து வைக்க வேண்டியது, அஞ்ச வேண்டியது! ஆங்கிலத்துக்கு வாய்த்தது இதில் மூன்றில் ஒரு பங்குதான். ‘கடிக்கழிவு’, டப்பா ‘கடிகலம்’. கடிநகர் என்றால் காவலுடைய நகர், அதே அச்சு. அபாயம் என்ற வடசொல்லும் வேண்டாம், ஷார்ப்ஸும் வேண்டாம்.

வார்டு ஏழு (புதன் மதியம்)

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனையில் ‘கடி’ என்றால் நாய்க்கடி, பாம்புக்கடி, பூரான் கடி. ‘கடிக்கழிவு’ என்று எழுதி ஒட்டினால் நாய் கடித்தவர்களுக்குக் கட்டிய கட்டெல்லாம் அந்த டப்பாவுக்குள் போகும். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டும் மஞ்சள் பைக்கு உரியவை.

நன்னூலடியான் (புதன் மதியம்)

மக்கள் பொருளைக் குறுக்கிவிட்டார்கள் என்பதற்காகத் தொல்காப்பியர் பொறுப்பாவாரா?

கிள்ளான்காரி (புதன் மாலை)

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் சட்டத்தில் மருத்துவக் கழிவுக்கு அடையாளமே ஓர் எண்தான், எஸ்டபிள்யூ 404. 2005 விதிகளில் வந்தது. சொல் கிடைக்காவிட்டால் எண் போட்டுவிடலாம், யாரும் சண்டை போட மாட்டார்கள். :)

பொதுப்பெயராக ‘ஊறுகழிவு’ என்று ஒன்றை முன்வைக்கிறேன். ஊறு என்றால் தீங்கு. ஐம்புலனில் தொடுவுணர்வுக்கும் ஊறு என்றே பெயர். தொட்டால் தீங்கு என்பது ஒரே சொல்லில் வந்துவிடுகிறது பாருங்கள். ஷார்ப்ஸுக்குக் ‘கூரூறு’.

எரிஉலை (புதன் இரவு)

‘கூரூறு’ என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள்.

நான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன். பல மருத்துவமனைகளின் பைகள் எங்களிடம்தான் வரும். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் ஓட்டம்தான். மறுமுனையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் ‘கூர்’ என்ற சொல்லைச் சுற்றியே வருகிறீர்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

உடைந்த மருந்துக் குப்பி கூரா இல்லையா? கையைக் கிழிக்கிற கூர். ஆனால் இந்திய விதிப்படி அது வெள்ளைக்குப் போகாது, நீலத்துக்குப் போக வேண்டும். ஏனென்றால் வெள்ளை டப்பா எங்களிடம் வந்ததும் நீராவி அழுத்தக் கலனில் கிருமி நீக்கி, அரைத்து, இரும்பு வார்ப்பாலைக்கு அனுப்பலாம். இல்லையென்றால் சிமெண்டில் புதைத்துவிடலாம். உள்ளே இருப்பது உலோகம் என்று நம்பித்தான் இந்த ஏற்பாடே. அதில் கண்ணாடி கலந்தால் வார்ப்பாலைக்காரர் திருப்பி அனுப்புவார். அப்புறம் சிரிஞ்சு. ஊசியை வெட்டி எடுத்துவிட்டால் மீதிக் குழல் சிவப்புப் பைக்கு, மறுசுழற்சிக்கு. இன்சுலின் சிரிஞ்சில் ஊசி ஒட்டியே வரும், ஆகவே அது முழுதாக வெள்ளைக்கு. சிவப்புப் பையில் ஓர் ஊசி தவறி விழுந்திருந்தால், பிரிக்கும் மேசையில் கை வைக்கிறவருக்குத்தான் தெரியும். அதே பிளாஸ்டிக் மஞ்சளோடு கலந்து எரிஉலைக்குள் போனால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும்.

ஆக, எளிமையான, தூய்மையான, எல்லோருக்கும் புரிகிற ‘கூர்க்கழிவு’ தப்பான டப்பாவுக்கு வழி காட்டும். புரியாத சொல்லைக்கூட நிறத்தையும் படத்தையும் பார்த்துச் சமாளிக்கலாம். புரிந்துவிட்டது என்று நினைத்துத் தப்பாகப் போடுவதை என்ன செய்வது?

வார்டு ஏழு (வியாழன் காலை)

இதைத்தான் நேற்றே சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை. புதிதாக வந்த தம்பி ஒருவர் ஒரு தடவை உடைந்த ஆம்ப்யூலை ஊசி டப்பாவில் போட்டார். திட்டினேன். ‘இதுவும் குத்துமே சிஸ்டர்’ என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

‘ஊறுகழிவு’ பற்றி: எங்களுக்கு ஊறுவது ஊறுகாய்தான். ஆய்வகத்துத் திரவத்தை ஹைப்போகுளோரைட்டில் ஊற வைத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஆகவே ‘ஊறுகழிவு’ என்றால் ஊறிய கழிவு, கிருமி போய்விட்டது, தொடலாம் என்று ஆகிவிடும். நேர் எதிர்ப்பொருள்!

கிள்ளான்காரி (வியாழன் காலை)

வினைத்தொகையாக எடுத்தால் அப்படித்தான். ஒப்புக்கொள்கிறேன். ‘கூரூறு’வையும் எடுத்துக்கொள்கிறேன்.

சுன்னாகத்தான் (வியாழன் மதியம்)

பொதுப்பெயர் விடயம் ஒன்று. ‘மருத்துவக் கழிவு’ என்பதே மயக்கம் தருகிற சொல். மருத்துவமனையில் சேர்கிற குப்பையில் ஏறக்குறைய 85 விழுக்காடு சாதாரணக் குப்பை, வீட்டில் சேர்கிறது போலத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இட்லிப் பொட்டலமும் அட்டைப் பெட்டியும் மருத்துவக் கழிவா? 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து லாரியில் வந்து திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டதைப் பத்திரிகைகள் எல்லாம் ‘மருத்துவக் கழிவு’ என்றே எழுதின. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே வந்து திரும்ப அள்ளிப் போனது. அந்தக் குவியலில் எது தொற்றுள்ளது, எது வெறும் குப்பை என்பது அந்த ஒரு சொல்லுக்குள் தெரிகிறதா?

எரிஉலை (வியாழன் மதியம்)

தெரியாது. ஆனால் இரண்டும் கலந்துவிட்டால் அத்தனையும் தொற்றுள்ளதுதான். அந்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் எழுதியது சரி.

மொழிபெயர்ப்பாளன் (வியாழன் மாலை)

நண்பர்களே, பொதுப்பெயரை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம். எனக்கு நாளை மாலை.

எரிஉலை ஐயா சொன்னதற்குப் பிறகு ‘கூர்’ வேண்டாம் என்றே தோன்றுகிறது. தன்மையைச் சொல்வதைவிடப் பொருளைச் சொல்லிவிடலாம். ‘ஊசி-பிளேடு’. இரண்டும் உலோகம், இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அறுவைக் கத்தியையும் பிளேடோடு சேர்த்துவிடுவார்கள். கீழே சின்ன எழுத்தில் ‘கண்ணாடி இதில் வேண்டாம். நீலப் பெட்டி!’

நன்னூலடியான் (வியாழன் இரவு)

பிளேடா! மூன்று நாள் வாதாடி பிளேடில் வந்து நிற்கிறோமா? ‘அலகு’ என்ற சொல் எதற்கு இருக்கிறது?

கிள்ளான்காரி (வியாழன் இரவு)

ஐயா, அலகு என்றால் இங்கே தைப்பூசம். பத்துமலையில் அலகு குத்திக்கொண்டு படியேறுவார்கள். சொல்லப்போனால் ஊசிக்குத்துக்கு மிகப் பொருத்தம்தான், ஆனால் அது நேர்த்திக்கடன்.

வார்டு ஏழு (வியாழன் இரவு)

எங்களுக்கு ‘ஊசி-பிளேடு’ சரி. படித்ததும் கை தானாக அந்தப் பக்கம் போகும். கையேட்டில் இன்னொரு வரியும் சேருங்கள். குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி உடனே வந்து சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். சொல் எதுவானாலும் எனக்கு அந்த வரி வேண்டும்.

மொழிபெயர்ப்பாளன் (வெள்ளி காலை)

சேர்த்துவிட்டேன் அக்கா, மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டி. சுவரொட்டியில் ‘ஊசி-பிளேடு பெட்டி’. ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. நன்னூலடியான் ஐயாவுக்காகப் பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ‘கடிகலம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

நன்னூலடியான் (வெள்ளி மதியம்)

அடைப்புக்குறிக்கு நன்றி. கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்போம்.

மொழிபெயர்ப்பாளன் (வெள்ளி மாலை)

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. இடையில் இருந்த சிறுகோட்டை எடுத்துவிட்டு ‘ஊசிப்பிளேடு பெட்டி’ என்று அடித்திருக்கிறார்கள். விடலாமா?

நன்னூலடியான் (வெள்ளி மாலை, மூன்று நிமிடம் கழித்து)

விடாதே! ஊசியும் பிளேடும் என்பது உம்மைத்தொகை, ப் மிகாது. மிகுந்தால் ஊசியினுடைய பிளேடு என்றாகும். அப்படி ஒரு பொருள் உண்டா என்று சிஸ்டரைக் கேள்.

வார்டு ஏழு (வெள்ளி இரவு)

இல்லை ஐயா.