மூன்றில் ஒரு பங்குப் படையோடு மாவோ எப்படி ஜெயித்தார்?

கேள்வி (வரலாறு மாணவி):
சீன உள்நாட்டுப் போர் மூண்ட 1946இல், ஆட்சியிலிருந்த தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக்கிடம் 40 லட்சத்துக்கும் மேல் வீரர்கள், விமானங்கள், அமெரிக்க உதவி. கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ தரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மூன்றே வருடத்தில் எப்படித் தலைகீழானது? 'ஊழல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், எனக்குப் போதவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்):
அம்மா, முப்பது வருடம் நோட்டு எண்ணியவன் நான். எனக்கு இந்தப் போர் பணத்தின் வழியாகத்தான் புரிந்தது. 1948 ஆகஸ்டில் சியாங் அரசு 'தங்க யுவான்' என்ற புது நோட்டை இறக்கியது. பழைய நோட்டு 30 லட்சத்துக்குப் புதியது ஒன்று. வீட்டிலிருக்கும் தங்கம், வெள்ளி, டாலரை வங்கியில் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. ஷாங்காயில் சியாங்கின் மகனே நேரில் இறங்கி விலையைக் கட்டிப்போட்டார், பதுக்கியவர்களைப் பிடித்து உள்ளே போட்டார். அக்டோபரில் கடைகள் காலி. நவம்பரில் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். நோட்டு மறுபடி காகிதமானது. சட்டத்தை மதித்து நகையைக் கொடுத்த வாத்தியாரும் குமாஸ்தாவும்தான் ஏமாந்தார்கள். அரசுக்குத் துணை நிற்க வேண்டியவர்களே அவர்கள்தான். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

பதில் (இன்னொரு வாசகர்):
பணம் மட்டும் காரணமில்லை ஐயா. சீனாவின் வடகிழக்கு மூலையான மஞ்சூரியாவை விட்டுவிட்டீர்களே. தன் சிறந்த படைகளை அங்கே அனுப்பி, நகரங்களுக்குள் அடைபட விட்டார் சியாங். 1948 அக்டோபர் 15இல் அங்குள்ள ஜின்சோ நகரம் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்ததும் அந்தப் படைகள் தெற்கே வரும் வழி அடைபட்டது. கம்யூனிஸ்டுகள் வளைத்த இன்னொரு மஞ்சூரிய நகரமான சாங்சுன் முற்றுகையில் பொதுமக்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தார்கள். கம்யூனிஸ்டுகளின் வெற்றியைப் பேசும்போது அதையும் பேச வேண்டும்.

பதில் (காசாளர்):
சரிதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஜின்சோ விழுந்த இரண்டே நாளில், அதே சாங்சுனில் சியாங்கின் 60ஆம் படை கட்சி மாறியதே! அவர்கள் தெற்குக் கோடி யுன்னான்காரர்கள். சொந்தத் தரப்பே மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்திய படை, யாருக்காகச் சாகும்? அடுத்த மாதம் தொடங்கிய ஹுவாய்ஹாய் போரில் கம்யூனிஸ்ட் தரப்புக்கு விவசாயிகள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தானியம் தள்ளிக்கொண்டு போனார்கள், லட்சக்கணக்கில். கட்டாயமும் இருந்தது. ஆனாலும் பல ஊர்களில் நிலம் அப்போதுதான் பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. சியாங் ஆட்கள் திரும்பினால் நிலக்கிழாரும் கூடவே வருவான் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது.

மாணவி:
நன்றி ஐயா. அந்த 60ஆம் படையிலிருந்தே தொடங்கிப் படிக்கிறேன்.