செஸ் கற்றால் ஞாபகசக்தி கூடுமா?

ஈரோடு கல்பனா:

மகனுக்குப் பத்து வயது. செஸ் வகுப்புக்குப் போகிறான். சமீபத்தில் ஒரு போட்டியில் ஆடிய ஆட்டத்தை, வீட்டுக்கு வந்ததும் எழுதிய தாளைப் பார்க்காமலே முதலிலிருந்து கடைசி வரை பலகையில் வைத்துக் காட்டினான். அதே பையனைக் கடைக்கு அனுப்பினால் நாலு சாமானில் ஒன்றை விட்டுவிட்டு வருகிறான். ஏழாம் வாய்ப்பாட்டில் இன்னும் திணறல். வகுப்பு நடத்துபவர்கள் இப்போது 'ஞாபகசக்திப் பயிற்சி' என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். செஸ் ஆட ஆட நினைவின் கொள்ளளவே பெரிதாகும், படிப்பிலும் தெரியும் என்கிறார்கள். இவனைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம் செந்தில்:

வணக்கம் மேடம். நான் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன், படித்தது உளவியல். அந்தத் தனிக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மகனிடம் நீங்கள் பார்ப்பதைத்தான் ஆராய்ச்சியும் சொல்கிறது.

நெதர்லாந்தில் அட்ரியன் டி க்ரூட் என்று ஒரு உளவியலாளர். செஸ் ஒலிம்பியாடில் தன் நாட்டுக்காக ஆடியவர். பெரிய ஆட்டக்காரர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று 1946-லேயே ஆய்வு வெளியிட்டார். பலகையைச் சில விநாடி காட்டி மறைத்தாலும் அவர்கள் கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப அடுக்கிவிடுகிறார்கள் என்று கண்டவர் அவர். அதைப் பிடித்துக்கொண்டு 1973-ல் அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு சோதனை வைத்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டினார்கள். மாஸ்டர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார், புதிதாக ஆடுபவர் நாலைந்து. அப்புறம் அதே அளவு காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினார்கள். மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். நினைவின் கொள்ளளவு பெரிதாகியிருந்தால் கலைந்த பலகையிலும் மாஸ்டர் ஜெயித்திருக்க வேண்டுமே!

பலகையில் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள் (ஜி1, எஃப்1 என்பவை கட்டங்களின் பெயர்கள்). ராஜா ஜி1, யானை எஃப்1, பிஷப் ஜி2, சுற்றிலும் எஃப்2, ஜி3, எச்2-ல் மூன்று சிப்பாய்கள். செஸ் தெரியாதவருக்கு இது ஆறு தனித்தனிச் செய்தி. உங்கள் மகனுக்கு 'கேஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாக நகர்த்திப் பத்திரப்படுத்துவது) ஆயிற்று, பிஷப் நீண்ட மூலைவிட்டத்தில் நிற்கிறது', அவ்வளவுதான், ஒரே கொத்து. இப்படி நாலைந்து கொத்து பிடித்தால் முழுப் பலகையும் வந்துவிடும். இது வெறும் ஊகம் கிடையாது. பார்த்ததைத் திரும்ப வைக்கும்போது ஆட்டக்காரர்கள் சில காய்களைச் சடசடவென்று வைப்பார்கள், இரண்டு விநாடிக்கு மேல் நிற்பார்கள், மறுபடி சடசட. அந்த நிறுத்தத்தைத்தான் ஒரு கொத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் என்று சேஸும் சைமனும் எடுத்துக்கொண்டார்கள். என் வகுப்பிலும் இதைக் கண்ணால் பார்க்கிறேன். எனக்கு அலுக்காத காட்சி.

ஒரே நேரத்தில் மனதில் பிடிக்கக்கூடியது ஏழு, கூடக் குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதினார். 2001-ல் நெல்சன் கோவன் அதை நாலு வாக்கில் என்று குறைத்தார். பயிற்சியால் மாறுவது அந்த எண்ணிக்கை கிடையாது, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் எவ்வளவு அடங்குகிறது என்பதுதான். அதற்கான சரக்கு நீண்ட கால நினைவில், வருடக்கணக்காக ஆடி ஆடிச் சேர்ந்தது. செஸ் சரக்கு செஸ்ஸுக்குத்தான் உதவும். மளிகைப் பட்டியலுக்கு உதவாது.

தேன்மொழி:

செந்தில் சார் சொல்வது என் வேலையிலும் அப்படியே. நான் மருந்துக்கடையில் நிற்கிறேன். காய்ச்சல் சீட்டு வந்தால் ஒரு பார்வைதான்: பாராசிட்டமால், கூடவே பேன்டோபிரசோல், ஒரு சளி மாத்திரை, எல்லாம் சேர்ந்தே மனதில் வந்துவிடும், நேரே அலமாரிக்குப் போய் எடுத்து வருவேன். பக்கத்தில் தோல் டாக்டர் ஒருவர் புதிதாக வந்தார். அவர் சீட்டும் அதே நீளம்தான், ஆனால் நடுவில் திரும்பி வந்து பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் பழகிவிட்டது.

ஆய்வு மாணவன்:

சார், ஒரு திருத்தம். 1996-ல் ஃபெர்னாண்ட் கோபேயும் அதே சைமனும் பழைய சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கலைத்து வைத்த பலகையிலும் திறமையானவர்கள் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறார்கள். அப்படியென்றால் கொள்ளளவும் கொஞ்சம் கூடுகிறது என்று ஏன் சொல்லக் கூடாது?

சேலம் செந்தில்:

நல்ல கேள்வி தம்பி. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சிறியது. கண்டபடி கலைத்தாலும் தற்செயலாக இரண்டு மூன்று காய்கள் பழகிய அமைப்பில் விழும். நிறைய அமைப்புகள் தெரிந்தவருக்கு அதில் ஒன்றிரண்டு கண்ணில் படும். அவர்கள் கொடுத்த விளக்கமே இதுதான்.

கொள்ளளவு விஷயத்துக்கு இன்னும் நேரான சான்று ஒன்று உண்டு. 1980-ல் எரிக்சன், சேஸ், ஃபலூன் மூவரும் வெளியிட்டது. ஒரு கல்லூரி மாணவன், சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, ஒரே முறை கேட்ட 79 இலக்கங்களை வரிசையாகச் சொன்னான். ஆரம்பத்தில் ஏழுதான். அவன் நீண்டதூர ஓட்டக்காரன். 3492 என்று கேட்டால் '3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைலுக்கு உலக சாதனைக்குப் பக்கம்' என்று ஓட்ட நேரமாக மாற்றிக்கொண்டான். எண்களை விட்டுவிட்டு எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறில் நின்றுவிட்டது.

ஈரோடு கல்பனா:

ரொம்ப நன்றி. கணக்குக்காவது செஸ் உதவுமா? அப்படித்தான் சேர்த்துவிட்டோம். இல்லையென்றால் நிறுத்திவிடலாமா?

சேலம் செந்தில்:

இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேரச் செஸ் பாடம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் கணக்கில் வித்தியாசமே இல்லை. செஸ் சொல்லித் தருகிற நானே இதை ஒவ்வொரு பெற்றோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் காசு வாங்குவது தப்பு.

நிறுத்தாதீர்கள் மேடம். போட்டி முடிந்து வந்து, யாரும் கேட்காமல் ஆட்டத்தை அடுக்கிக் காட்டுகிற பிள்ளைக்கு அதில் உண்மையான பிரியம் இருக்கிறது. பிடித்திருக்கிறது என்ற காரணமே போதும். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஏழாம் வாய்ப்பாட்டையேதான் பழக வேண்டும். வரிசையாக ஒப்பிக்க விடாமல், 7x6, 7x8 என்று இடையிடையே கேளுங்கள். யோசிக்காமல் 42, 56 என்று வர ஆரம்பித்தால், பெரிய பெருக்கல் போடும்போது மனதில் அந்த அளவு இடம் மிச்சமாகும்.