தொங்கு செர்ரியின் உச்சியிலிருந்து நேராக எழும் கிளைகளை வெட்டிவிடலாமா?

கேள்வி

வணக்கம். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நட்ட தொங்கு செர்ரி ஒன்று என் தோட்டத்தில் நிற்கிறது. கிளைகள் குடைபோலக் கவிந்து, வசந்தத்தில் இளஞ்சிவப்பு அடுக்குப் பூக்களால் நிறைந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதன் உச்சியில் நான்கு கிளைகள் ஈட்டிபோல நேராக எழத் தொடங்கின. மரம் செழிக்கிறது என்று எண்ணி மகிழ்ந்து, அவற்றை அப்படியே வளரவிட்டேன். இந்த ஆண்டு அவற்றில் வெள்ளை நிற ஒற்றைப் பூக்கள் பூத்திருக்கின்றன. தொங்கும் கிளைகளிலோ பூ பாதியாகக் குறைந்துவிட்டது. தண்டின் அடியில் பிசினும் வடிகிறது. செர்ரியை வெட்டினால் பட்டுப்போகும் என்று கேள்விப்பட்டிருப்பதால் கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதல் பதில்

உங்கள் மரம் ஒட்டுச்செடி. நேராக வளரும் காட்டுச் செர்ரி போன்ற ஒன்றை வேர்ச்செடியாக வளர்த்து, அதன் தண்டின் மேல்முனையில் தொங்கும் வகையை ஒட்டுக்கட்டி விற்பதே பெரும்பாலும் வழக்கம். வெள்ளைப் பூப் பூத்தது அந்த வேர்ச்செடியின் கிளைகளில்தான். வேர் தருகிற நீரையும் சத்தையும் அந்த வீரியமான கிளைகள் முதலில் எடுத்துக்கொள்வதால் தொங்கும் பகுதி மெலிகிறது. இப்படியே விட்டால் சில ஆண்டுகளில் நீங்கள் வாங்கிய மரம் மறைந்து, காட்டுச் செர்ரி மட்டுமே மிஞ்சும்.

ஆனால் நேராக நிற்பதையெல்லாம் வெட்டிவிடாதீர்கள். தண்டில் முடிச்சுப்போலப் பருத்து, பட்டையின் நிறம் மாறும் இடம் ஒன்று இருக்கும், அதுதான் ஒட்டுப்பகுதி. அதற்குக் கீழிருந்து புறப்படுபவை வேர்ச்செடியின் போத்துகள். மேலிருந்து புறப்படும் கிளை தொங்கும் வகையைச் சேர்ந்தது; முதலில் நிமிர்ந்து வளர்ந்தாலும் நீளம் கூடியதும் பெரும்பாலும் தானே வளைந்து இறங்கிவிடும்.

உங்கள் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. செர்ரியை வெட்டுபவனும் மூடன், உமே என்னும் ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாதவனும் மூடன் என்று ஜப்பானில் ஒரு பழமொழியே இருக்கிறது. செர்ரியில் பெரிய வெட்டுக்காயம் எளிதில் ஆறாது. அதன் வழியாகப் பூஞ்சை நுழைந்துவிடும். வெள்ளியிலை நோயைப் பரப்பும் பூஞ்சை ஈரமான குளிர்காலங்களில்தான் அதிகம் வித்துகளை வெளிவிடுகிறது. ஆகவே பூத்து ஓய்ந்தபின், கோடையில், மழையில்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள். தடித்த கிளையைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி முதலில் கீழ்ப்புறத்தில் பாதி அறுத்து, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு விழாது. மிஞ்சும் கட்டையை, அடியில் வளையம்போல் தெரியும் புடைப்பைக் காயப்படுத்தாமல் அதை ஒட்டி அறுத்துவிடுங்கள். பல கிளைகள் தடித்திருந்தால் இரண்டு கோடைகளில் பிரித்து எடுப்பது நல்லது.

இரண்டாம் பதில்

பிசினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிசின் வடிவது நோயின் பெயரன்று, மரம் எதனாலோ வருந்துவதன் அடையாளம். கண்ணாடிபோலத் தெளிவாக, தேன் நிறத்தில் இருந்தால் நீர்த்தேக்கம், வறட்சி, பட்டையில் பட்ட அடி ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். மண்மட்டத்தில், மரத்தூள் கலந்து பழுப்பாக இருந்தால் துளைப்பான் புழுவைத் தேடுங்கள். சுற்றிலும் பட்டை குழிந்து கறுத்திருந்தால் அது சொறிப்புண். அது கிளையில் இருந்தால் நல்ல திசு தெரியும்வரை வெட்டி அகற்ற வேண்டும்.

என் மரத்திலும் இப்படிப் பிசின் வடிந்தது. மூடாக்கை விலக்கிப் பார்த்தபோது, தண்டை ஒட்டி நான் குவித்திருந்த மரச்சீவலின் அடியில் பட்டை ஊறிப்போய், விரல் நகம் பட்டாலே இறங்குமளவு மென்மையாகியிருந்தது. அன்றிலிருந்து தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாகவே விடுகிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒட்டுப்பகுதியைக் கண்டுகொண்டேன், என் நெஞ்சளவு உயரத்தில் இருக்கிறது. மூன்று கிளைகள் அதன் கீழிருந்தும், ஒன்று மேலிருந்தும் புறப்படுகின்றன. பிசின் தெளிவாகவே இருக்கிறது, தூள் இல்லை. ஆனால் அடித்தண்டு பத்து சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைந்திருந்தது. மெலிந்த மரத்துக்கு உரம் இடலாமா?

மூன்றாம் பதில்

இப்போது வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் மீண்டும் போத்துகளைத்தான் தூண்டும். வேர்கள் விரியத் தொடங்கும் இடம் வெளியே தெரியுமளவு மண்ணைக் கையால் விலக்குங்கள். மண்வெட்டி பட்டால் பட்டை கிழியும். மழை பொய்த்த வாரங்களில் மேலோட்டமாகத் தினமும் தெளிக்காமல், வாரம் ஒருமுறை ஆழமாக ஊறும்படி நீர் விடுங்கள். மேலிருந்து வரும் அந்த ஒரு கிளையை விட்டுவையுங்கள். உச்சியில் ஒட்டிய மரத்தில் தண்டு ஒட்டுப்பகுதிக்குமேல் தானாக உயராது. இப்படி நிமிர்ந்து பிறகு கவியும் கிளைகளால்தான் குடைக்கு உயரம் கூடுகிறது. மூன்று போத்துகளை வெட்டிய இடங்களில் அடுத்த வசந்தத்தில் பச்சை மொட்டுகள் முளைக்கும். விரல் நீளம் வருமுன்பே அவற்றைக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்துவிட்டால் கத்தரிக்கோலுக்கு வேலை இருக்காது.