எட்டு முறை நிரப்பிய தோட்டாக் கூடு குறியை ஏன் கெடுக்கிறது?

.308 வின்செஸ்டர் ரைபிள் தோட்டாவின் கூடுகளை ஏழெட்டு முறை நிரப்பிச் சுட்ட பிறகு, குறி மேலும் கீழுமாகச் சிதறுகிறதென்றால் தொலைநோக்கியைத் திருகாதீர்கள், முதலில் கூட்டின் கழுத்தைப் பாருங்கள். இது செம்பு 70, துத்தநாகம் 30 சேர்ந்த பித்தளை. சுடும்போது விரியும், கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் அழுத்தும்போது சுருங்கும். விரிந்து சுருங்கியே கெட்டிப்பட்டுப் போகும். கெட்டிப்பட்ட கழுத்து டையை விட்டு வந்ததும் மறுபடி கொஞ்சம் விரிந்துகொள்ளும், அதுவும் கூட்டுக்குக் கூடு வேறு அளவில். குண்டைப் பிடிக்கும் பிடி மாறினால் வேகமும் மாறும். 100 மீட்டரில் இது கண்ணில் படாது, 600 மீட்டரில் குறித்தாளே சொல்லிவிடும். குண்டை இறக்கும்போது ஒரு கூட்டில் நெம்புகோல் வழுக்கிப் போய், அடுத்ததில் கரகரவென்று இறுகினால் அதுதான் முதல் அடையாளம்.

மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை சூடேற்றிப் பதப்படுத்துங்கள். கழுத்தும் அதன் கீழே சரியும் தோளும் மட்டும் தீயில் பட வேண்டும்; சுழற்றியபடியே சில வினாடிகள், மங்கலாக இருட்டிய அறையில் லேசான சிவப்பு எட்டிப்பார்க்கும் நொடியில் எடுத்துவிடுங்கள். அடிப்பாகம் இளகிய கூடு அழுத்தம் தாங்காது, சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்திலேயே கிழியும். முக்கியமாக, இரண்டு முறை சுட்டதையும் ஒன்பது முறை சுட்டதையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். எண்ணிக்கை கூடுவதைவிட இந்தக் கலப்புதான் குறியை அதிகம் கெடுக்கிறது.

—

கூட்டின் நீளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்ச அளவு 51.18 மி.மீ.; அதைத் தொட்டால் 50.93க்கு வெட்டிவிடுங்கள். நீண்ட கழுத்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் முட்டிக் குண்டை நெரிக்கும், அழுத்தம் எகிறும். டையில் தோளை 0.05 மி.மீ.க்கு மேல் பின்தள்ள வேண்டாம். தள்ளினால் சுடும்போதெல்லாம் அடிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரியும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுங்கள். பள்ளத்தில் சிக்கினால் கூட்டை அங்கேயே நசுக்கிவிடுங்கள்.

—

மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் விரல் அழுத்தத்திலேயே உள்ளே போனால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது, பதப்படுத்தியும் பயனில்லை. அம்மோனியா கலந்த திரவத்தில் கழுவவும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் சுடாமலே விரிசல் விட்டன. சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணமென்று 1921இல் விளங்கியது.